வாய்க்கால்கரைத் தெரு எந்த வார்டு?

ஆகஸ்ட் 4, திங்கள்

நான் எழுதிய மென்பொருள் இன்று 'மேற்படி' என்று ஓர் ஊரைக் கண்டுபிடித்தது. ஒரு ஊர் இல்லை, எங்கு பார்த்தாலும் மேற்படி. பாதி மாவட்டமே மேற்படிதான். ஆணையில் ஒரே ஊரின் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதச் சோம்பல்பட்டு 'மேற்படி' என்று போட்டிருக்கிறார்கள். என் மென்பொருள் அதையும் ஓர் ஊராக எண்ணி, வார்டு பிரித்து, தெருவெல்லாம் அமைத்துக் கொடுத்துவிட்டது. அங்கே தேர்தல் வைத்தால் போட்டியில்லாமல் நானே ஜெயிப்பேன்.

வேலை இதுதான். உள்ளாட்சித் தேர்தல் வருகிறது. எந்தத் தெரு எந்த வார்டில் இருக்கிறது என்று அரசு வரைவு ஆணை போட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் ஸ்கேன் செய்த கட்டு. சாதாரண மனிதர் அதில் தன் தெருவைத் தேடினால் கண் பூத்துப் போகும். அதையெல்லாம் படித்து, வார்டையும் தெருப் பெயரையும் மட்டும் தனியே உருவி எடுத்து, 'உங்கள் தெருவைச் சொல்லுங்கள், வார்டைச் சொல்கிறோம்' என்று இணையதளத்தில் வைக்க வேண்டும். மதுரையில் ஓர் அறக்கட்டளை எங்கள் அலுவலகத்துக்குக் கொடுத்திருக்கும் வேலை இது. அலுவலகம் என்றால் நான், அல்போன்ஸ் சார், ஒரு ஏசி. ஏசி ஓடாது.

"மூணு மாசம் பாப்போம் மேடம். சரியா வந்தா பெர்மனென்ட்" என்றார் அல்போன்ஸ் சார். பார்க்கட்டும். எனக்கென்ன அவசரம்? எட்டு வருஷம் வீட்டில் இருந்தவள்தானே. போனால் போகிறது.

வரும் வழியில் புது டிபன் பாக்ஸ் ஒன்று வாங்கினேன். மூன்றடுக்கு. பழையதன் மூடி சரியாக மூடுவதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் வீட்டுக்காரர் உப்புமா கிண்டினார். உப்பு இருந்தது, மா இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர், செம்புக் கம்பியை முடி மாதிரி நுணுக்கமாகச் சுற்றுவார். ரவையிடம் மட்டும் அந்தப் பொறுமை கிடையாது.

நான் வேலைக்குப் போவதில் அவருக்கு அவ்வளவு இஷ்டம் இல்லை. மகள் தன்ஷிகா பிறந்தபோது வேலையை விட்டதும் அவருக்காகத்தான். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா? முகத்தைப் பார்த்தால் தெரியாதா?

அலுவலகத்தில் இன்று 'நீங்கலாக' என்ற சொல்லோடு மல்லுக்கட்டு. 'பிள்ளையார்கோவில் தெரு நீங்கலாக' என்று ஆணை சொன்னால், மென்பொருள் பிள்ளையார்கோவில் தெருவைப் பிடித்து உள்ளே உட்கார வைக்கிறது. வேண்டாம் என்று சொன்ன விருந்தாளியைக் கையைப் பிடித்து இழுத்து வருகிற கதை. சாயங்காலத்துக்குள் சரி செய்தேன். நேற்று மேற்படியையும் ஒழித்தாயிற்று. சந்தோஷமாக இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்!

ஆகஸ்ட் 7, வியாழன்

தன்ஷிகாவைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். "எந்தப் பல் பாப்பா வலிக்குது?" என்று அவளிடம் கேட்டார். "கீழ, இடது பக்கம் கடைசி, ராத்திரிலதான் வலிக்குது, இனிப்புத் தின்னா ஜாஸ்தி" என்றேன்.

"அம்மா, அது என் பல்லு" என்றாள்.

மேலே, வலது பக்கமாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பெரிய நாள். எல்லா ஊரும் ஓடி முடிந்தது. ஆனால் அட்டவணையில் நாற்பத்தொரு தெருக்களுக்கு எதிரே வார்டு இல்லாமல் காலியாகக் கிடந்தது. ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஆணையில் இருக்கின்றன, புதிதில் இல்லை. தெரு எழுந்து எங்கே போகும்? ஸ்கேனில் மை பரவியிருக்கும், தட்டச்சுக்காரர் ஒரு வரியை விட்டிருப்பார்.

காலிக் கட்டத்தைக் கண்டால் எனக்கு ஆகாது. சாப்பாட்டு இலையில் ஒரு மூலை காலியாக இருந்தால் கை தானாக அப்பளம் வைக்குமே, அந்த மாதிரி. ஒரு விதி எழுதினேன்: புது ஆணையில் ஒரு தெரு கிடைக்கவில்லையென்றால், பழைய ஆணையில் இருந்த வார்டையே எடுத்துக்கொள். நான்கே வரிதான். ஓட்டினேன். ஒரு கட்டம் கூடக் காலியில்லை.

அல்போன்ஸ் சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார். "ஒரு ஓட்டை கூட இல்லையே மேடம்! எப்படி?" என்றார். கை வைத்தியம் என்றேன். தன் பிஸ்கட் பாக்கெட்டை என் பக்கம் நீட்டினார். அவர் பிஸ்கட் தருவது அரிது.

ஆகஸ்ட் 14, வியாழன்

அறக்கட்டளை, தளத்தை முதலில் தன் ஆட்களிடம் மட்டும் சோதிக்கக் கொடுத்திருக்கிறது, ஊருக்கு ஒருவர். பிரச்சினை இருந்தால் கூப்பிட என் எண். இன்று முதல் அழைப்பு.

"மேடம், நான் ஆவாரங்குடியில இருந்து மாரீஸ்வரி பேசுறேன். ரவிக்கை தைக்கிறேன். வாய்க்கால்கரைத் தெரு."

பேரூராட்சி அது. மதுரையிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். என்ன பிழையோ என்று பயந்துகொண்டே கேட்டேன். பிழை இல்லை, நன்றி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். புது வார்டுப் பட்டியலில் அவர்கள் தெருவே இல்லை என்று தண்ணீர் திறந்துவிடுகிறவர் சொல்லிவிட்டாராம். தெருவே பதறிப் போயிருக்கிறது.

"கவுன்சிலரே இல்லாத தெருவுக்கு யாரு மேடம் குழாய் போடுவா? போன தடவை கவுன்சிலர் வீட்டு வாசல்ல நாங்க குடத்தோட உக்காந்துதான் ரெண்டு குழாய் வாங்குனோம். அதுவும் இல்லாமப் போச்சுன்னா யாரு வாசல்ல போயி உக்கார்றது? ஆட்சேபணை குடுக்கலாம்னு எல்லாப் பொம்பளைங்களும் மனு எழுதி வச்சிருந்தோம். நேத்து உங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா ஆறாவது வார்டுன்னு பளிச்சுனு வருது! மனுவ அங்கனயே கிழிச்சுப் போட்டுட்டோம். இந்தத் தடவ ஆறுல நானே நிக்கலாம்னு இருக்கேன் மேடம்."

நில்லுங்கள், நான் வந்து கைதட்டுகிறேன் என்றேன். சிரித்தார். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது, மதியம் டிபன் பாக்ஸில் இரண்டு அடுக்கைத்தான் சாப்பிட்டேன். எழுதிய நிரல் ஒரு தெருவுக்கே நிம்மதி தந்தது என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்? ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். அவருக்குப் பிடிக்கவில்லை, தெரிகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. துணி, துணி, துணி.

ஆகஸ்ட் 18, திங்கள்

அல்போன்ஸ் சாருக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு தெருவுக்கும் பக்கத்தில், அது ஆணையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இணைப்புக் கொடுக்க வேண்டுமாம். "நம்பாதவன் அமுக்கிப் பாத்துக்கலாம்ல." நல்ல யோசனைதான். ஆனால் யோசனை அவருக்கு வந்தால் வேலை எனக்கு வருகிறது.

ஆகஸ்ட் 20, புதன்

நாற்பத்தொரு தெருக்களுக்கும் பக்க எண் வரவில்லை. எப்படி வரும்? அவை அந்த ஆணையிலிருந்து வரவில்லையே. நான் போட்டவை.

ஒவ்வொன்றாக ஸ்கேனைத் திறந்து என் கண்ணாலேயே தேடினேன். நாற்பது கிடைத்தன. மை அப்பியது, வரி உடைந்தது, பழைய பெயர் மாறி கட்சித் தலைவர் பெயரானது. நான் நினைத்தது சரிதான், நாற்பதிலும்.

ஆவாரங்குடி வாய்க்கால்கரைத் தெரு மட்டும் இல்லை. மூன்று முறை படித்தேன். ஆறாவது வார்டுக்கு மேற்கெல்லை வாய்க்கால். ஏழாவது வார்டுக்குக் கிழக்கெல்லை தார் ரோடு. வாய்க்காலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற தெரு இரண்டிலும் சேராமல் நிற்கிறது. தண்ணீர் திறந்துவிடுகிறவர் சொன்னது உண்மை. மென்பொருளும் முதலில் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் அதன் வாயை அடைத்து வேறு சொல்ல வைத்தேன்.

ஆட்சேபணைக்கு வெள்ளிக்கிழமை கடைசி. அவர்கள் மனுவைக் கிழித்துவிட்டார்கள்.

எழுந்து குடத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து மாரீஸ்வரியைக் கூப்பிட்டேன். சொன்னேன்.

"அப்ப எங்க தெரு இல்லையா?"

"ஆணையில இல்லைங்க."

"கம்ப்யூட்டர்ல இருக்கே?"

"அது நானாப் போட்டதுங்க. பழைய வார்டுதான் இருக்கும்னு நெனச்சு."

"நீங்க யாருங்க போடுறதுக்கு?" என்றார். போனை வைத்துவிட்டார்.

அல்போன்ஸ் சாரிடம் சொன்னபோது அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "பதறாதீங்க. ரெண்டு நாளைக்குத் தளத்த மூடிருவோம். சத்தமில்லாம சரி பண்ணிட்டுத் தெறப்போம். அறக்கட்டளைக்குத் தெரிய வேண்டாம்."

"நான் அந்தம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன் சார்."

"பண்ணிட்டுத்தான் எங்கிட்ட கேக்குறீங்களா?"

"ஆமா சார்."

"சரி, அந்த ரூலைத் தூக்குங்க" என்றார். தூக்கிவிட்டேன். நாளைக்கு விடுப்பும் கேட்டேன். இனி பெர்மனென்ட் என்ற பேச்சே வராது. வராவிட்டால் என்ன. டிபன் பாக்ஸ் தன்ஷிகாவுக்கு ஆகும்.

அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பழைய ஆணையும் புது ஆணையும் பிரதி எடுத்துக்கொண்டு ஆவாரங்குடிக்குப் போனேன். இருபக்கமும் வீடுகள், நடுவே ஒரு வண்டி போகிற அகலம், முனையில் அந்த இரண்டு குழாய்கள். இதை எப்படி ஒருவர் விட முடியும் என்று தோன்றியது. நான் திரையில் பார்த்தபோது அது ஒரு காலிக் கட்டம்தானே.

மாரீஸ்வரிக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் அளவுநாடா. உட்காருங்கள் என்று சொல்லவில்லை. தைக்கக் கொடுக்க வந்திருந்த பெண்களும் அங்கேயே நின்றார்கள். கூட்டத்தில் ஒரு அம்மா, "இவுங்கதான் நம்மள ஆறுல போட்ட அம்மாவா?" என்று கேட்டார்.

"அவுங்களேதான்" என்றார் மாரீஸ்வரி.

மன்னித்துவிடுங்கள் என்றேன். மனுவை நானே நன்றாக எழுதித் தருகிறேன் என்று பேனாவையும் எடுத்துவிட்டேன்.

"நீங்க எழுத வேண்டாம். எங்களுக்கு எழுதத் தெரியும். எந்தப் பக்கம்னு மட்டும் காட்டுங்க."

காட்டினேன். ஆறாவது வார்டின் எல்லை இங்கே, ஏழாவதின் எல்லை இங்கே. அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்ததாக ஞாபகம் இல்லை. அவர்கள் ஆளுக்கொரு வரி சொல்ல, மாரீஸ்வரி எழுதினார். 'குழாய்' வந்த இடத்தில் ஒரு சண்டை, 'தெருவிளக்கு' சேர்க்கலாமா என்று இன்னொன்று. நான் எழுதியிருந்தால் பாதிப் பக்கத்தில் முடித்திருப்பேன். அவர்கள் எழுதியது இரண்டரைப் பக்கம், ஒரு வரிகூட வீண் இல்லை.

கிளம்பும்போது டம்ளரில் காபி வந்தது. சர்க்கரை போடாதது. மறந்துவிட்டார்களா, வேண்டுமென்றே செய்தார்களா என்று கேட்கவில்லை. குடித்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மனு கொடுத்தாயிற்று, ரசீது வாங்கியாயிற்று என்று மாரீஸ்வரி குறுஞ்செய்தி. வேறு ஒரு வார்த்தையும் இல்லை. போதும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அவருக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை போனாலும் போகும், உங்களுக்கும் அது நல்லதுதானே, ஆரம்பத்திலேயே உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றேன்.

"எனக்கா?"

"அப்பவும் நீங்க வேண்டாம்னுதான விட்டேன்."

"நான் எப்ப வேண்டாம்னு சொன்னேன்?"

"சொல்லல. முகத்துல தெரிஞ்சுச்சு."

திரும்பிப் பார்த்தார், எண்ணெய் கண்ணில் வழிகிறது. "சுகந்தி, அந்த வருசம் கடைக்குள்ள தண்ணி பூந்து அம்புட்டு மோட்டாரும் போச்சு. என் மூஞ்சி அதுக்குத்தான் அப்படி இருந்துச்சு. நீ வேலைய விட்டுட்டேன்னு வந்து சொன்ன. உனக்குப் பிள்ளைகூட இருக்கணும்போலன்னு நெனச்சேன். கேட்டா வருத்தப்படுவியோன்னு கேக்கல."

எண்ணெய் ஆறிவிட்டது, மறுபடி சுட வைத்துக்கொண்டு வந்தேன்.

அவருக்கு வெந்நீர் போட்டேன். சூடு போதுமா என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் சூடு வேண்டுமாம். இத்தனை வருஷமும் ஆறின தண்ணீரிலேயே குளித்திருக்கிறார் மனுஷன்.

செப்டம்பர் 3, புதன்

ஆட்சேபணை விசாரணை. மாரீஸ்வரி வரச் சொல்லவில்லை, நானாகவும் போக விரும்பவில்லை. அதனால் கூப்பிட்டு, "நான் வரட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டேன். "வாங்க. பின்னாடி உக்காருங்க" என்றார்.

பின்னால் உட்கார்ந்தேன். அறக்கட்டளையிலிருந்தும் ஒருவர் வந்து முன்வரிசையில் இருந்தார். அல்போன்ஸ் சார் அவர் பக்கத்தில். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆவாரங்குடி முறை வந்தது. மாரீஸ்வரி எழுந்து, அளவு எடுக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று பேசினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். "ஏம்மா, உங்க தெரு ஆறாவது வார்டுலதான இருக்கு? இந்தா, இணையதளத்துலயே இருக்கே. எங்காளு போன மாசம் சோதனையப்பவே எடுத்துக் குடுத்தது."

என் தளம். என் நான்கு வரி. நான் தூக்கியெறிந்த பிறகும் எடுத்து வைத்த பிரதியாக வந்து அந்தப் பெண்களுக்கு எதிரில் நிற்கிறது.

மாரீஸ்வரி திரும்பி என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"அது தப்பு சார். அந்தத் தளத்த எழுதுனது நான்தான்."

கூட்டத்தில் சிரிப்பு. அதிகாரியும் சிரித்துவிட்டார். "எழுதுன நீங்களே நம்பாதீங்கன்னு சொல்றீங்களா?"

"ஆமா சார். ஆணையில அந்தத் தெரு இல்ல. இல்லாதத இருக்குன்னு நான் காமிச்சுட்டேன். நான் போட்டதுனால அது வந்துராது. நீங்க போட்டாத்தான் வரும்."

சிரிப்பு நின்றது. அதிகாரி வரைபடத்தை விரிக்கச் சொன்னார். பென்சிலால் வாய்க்கால் வழியாக ஒரு கோடு இழுத்தார், தார் ரோடு வழியாக ஒரு கோடு. நடுவில் பென்சில் நின்றது. "அட, நடுவுல விட்டுப் போயிருக்கே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார். மனுவில் ஏதோ எழுதினார். ஆகும் ஆகாது என்று சொல்லவில்லை.

வெளியே மாரீஸ்வரி என்னிடம், "சத்தமாத்தான் பேசுனீங்க" என்றார். பாராட்டா என்று தெரியவில்லை. பாராட்டு என்று எழுத வந்தேன். தெரியவில்லை என்றே இருக்கட்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

அறக்கட்டளை ஆள் அலுவலகத்துக்கே வந்தார். சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று மேஜையை ஒதுக்கி வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. கிடைக்காத தெருவுக்கு 'இந்தத் தெரு எந்த வார்டிலும் இல்லை' என்று பெரிய எழுத்தில் வர வேண்டும், கீழே யாரிடம் மனு கொடுப்பது என்று இருக்க வேண்டும். மற்ற மாவட்டங்களுக்கும் இதே மாதிரி செய்ய வேண்டும். செய்ய முடியுமா?

அல்போன்ஸ் சார் வாயைத் திறந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மேடத்தக் கேளுங்க" என்றார்.

முடியும் என்றேன். பிஸ்கட் பாக்கெட் என் மேஜையிலேயே இருந்தது, யாரும் எடுத்துப் போகவில்லை.

செப்டம்பர் 17, புதன்

தன்ஷிகாவுக்குப் பல் சரியாகிவிட்டதா என்று அவளிடமே கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

செப்டம்பர் 29, திங்கள்

இறுதி ஆணை காலையில் வெளியானது. மற்ற ஊர்கள் கிடக்கட்டும் என்று ஆவாரங்குடியை முதலில் ஓட்டினேன். வாய்க்கால்கரைத் தெரு: வார்டு 7, பக்கம் 11.

திரையை நம்பவில்லை. பதினோராம் பக்கத்தைத் திறந்தேன். அச்சு எடுத்தேன். தாளில் விரல் வைத்துப் படித்தேன். அதன் பிறகுதான் போனை எடுத்தேன்.

"மாரீஸ்வரி, உங்க தெரு வந்துருச்சு. ஏழாவது வார்டு."

தையல் மிஷின் சத்தம் நின்றது. "பேப்பர்ல இருக்கா, இல்ல உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்கா?"

"பேப்பர்ல இருக்குங்க. கையில வச்சிருக்கேன்."

"ஆறுல நிக்கலாம்னு சொவரெல்லாம் பாத்து வச்சிருந்தேன். ஏழுல எங்க நாத்தனாரு நிக்கிறா" என்றார். பிறகு அவரே, "பரவால்ல, அவளா நானான்னு பாத்துருவோம். வாசிங்க" என்றார்.

"வார்டு எண் ஏழு. கிழக்கே வாய்க்கால். வாய்க்கால்கரைத் தெரு முழுவதும்."

"இருங்கக்கா, ஸ்பீக்கர்ல போடுறேன். எல்லாரும் வரட்டும்."

அக்கா என்றார். குடம் வைக்கிற சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம், ஒரு குழந்தையை அதட்டுகிற சத்தம் எல்லாம் கேட்டது. மறுபடி வாசித்தேன்.

"கடைசி வார்த்தை என்னா?" என்று ஒரு குரல், அன்று என்னைக் கேட்ட அதே அம்மா.

"முழுவதும்" என்றேன்.

"முழுவதுமாம்டி!" என்று அங்கே யாரோ கத்தினார்கள். அப்புறம் ஒரே கூச்சல். அல்போன்ஸ் சார் எழுந்து என்னவென்று பார்த்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன்.